குழந்தை கேட்கிறாள் என்பதற்காக நாய்க்குட்டி வாங்கலாமா?

அரைத்தூக்கம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மகளுக்கு ஒன்பது வயது. கொஞ்ச காலமாக ஒரே நச்சரிப்பு, நாய்க்குட்டி வேண்டுமாம். "நானே சாப்பாடு வைப்பேன், நானே குளிப்பாட்டுவேன், நானே வெளியே கூட்டிப் போவேன்" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாள். எனக்கும் உள்ளூர ஆசைதான். மனைவிதான் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறார், "கடைசியில் என் தலையில்தான் விடியும்" என்று. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் வீடு பூட்டிக் கிடக்கும், அடுக்குமாடி வேறு. ஒரு உயிரைப் பார்த்துக்கொண்டால் பிள்ளைக்குப் பொறுப்பு வரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எங்கே தேடினாலும் "பொறுப்போடு வளருங்கள்" என்று உபதேசம் கிடைக்கிறதே தவிர, அன்றாடம் அது என்ன வேலை என்று யாரும் சொல்வதில்லை. வளர்க்கிறவர்கள் ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள். திட்டினாலும் சரி.

பழைய பேனா

உங்கள் மனைவி சொன்னதுதான் நடக்கும். எங்களைக் கேட்பதற்கு முன் அவர் சம்மதம் வாங்குங்கள்.

வாலாட்டி

யோசித்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் நடக்காது சார், வாங்கிவிடுங்கள். நாய் வந்த பிறகு வீடே கலகலவென்று ஆகிவிடும். தனிப் பிள்ளைக்கு அதைவிட நல்ல துணை கிடைக்காது. மற்றதெல்லாம் போகப் போகப் பழகிவிடும்.

ஊசிமருந்து

கால்நடை மருத்துவமனை ஒன்றில் உதவியாளர் வேலை எனக்கு. டாக்டர் இல்லை, டாக்டர் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்கிற ஆள். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளிலிருந்தே தொடங்குகிறேன். நாய் சராசரியாக 10 முதல் 13 வருடம் இருக்கும். சின்ன இனங்கள் அதைத் தாண்டியும் போகும், ராட்சத இனங்கள் ஏழெட்டு வயதிலேயே தளர்ந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாய்க்குக் கண் மங்கி, இடுப்பு பிடித்துக்கொண்டு, நடு இரவில் வெளியே போக எழுப்புகிற வயது வரும்போது உங்கள் மகள் படிக்கவோ வேலைக்கோ வேறு ஊரில் இருப்பாள். கையெழுத்துப் போட்டது ஒருவர், கடனைக் கட்டுவது இன்னொருவர். அதனால் "பிள்ளைக்குப் பொறுப்பு வரட்டும்" என்று நாய் வாங்குவதில் எனக்கு உடன்பாடே கிடையாது. அவள் உதவலாம். தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவலாம், ரோமம் வாரிவிடலாம், நீங்கள் கூட இருக்கும்போது வாக்கிங் கூட்டிப் போகலாம். ஆனால் அவள் மறந்துவிட்ட நாளில் நாய் பட்டினி கிடக்கக் கூடாது. "அவளுக்கு உறைக்கட்டும்" என்று தட்டைக் காலியாகவே விட்டுவைத்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். பாடம் பிள்ளைக்கு, பசி நாய்க்கு.

அப்புறம் குட்டி. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. பார்க்க அழகாக இருக்கிறது என்று ஐந்து வாரக் குட்டியை விற்கிறவரிடம் வாங்கவே வாங்காதீர்கள், கடிக்கும்போது எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் குட்டி கூடப் பிறந்தவற்றோடு விளையாடித்தான் கற்றுக்கொள்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை அது எதையெல்லாம் பயமில்லாமல் பார்க்கிறதோ அதெல்லாம் பிற்பாடு அதற்குச் சாதாரணம்: குடை, லிஃப்ட், சக்கர நாற்காலி, தாடிக்காரர், பட்டாசுச் சத்தம். இந்த வாரங்களைத் தவற விட்டுவிட்டு அப்புறம் பழக்குவது பெரும்பாடு. சிக்கல் என்னவென்றால் அதே வாரங்களில்தான் தடுப்பூசியும் முழுமையாக முடிந்திருக்காது. 6 அல்லது 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் ஆகும் வரை போட வேண்டும். "ஏன் இத்தனை ஊசி, காசு பார்க்கிறீர்களா" என்று கேட்காத ஆள் இல்லை. சீம்பாலில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் உடம்பில் இருக்கும் வரை அது தடுப்பூசியை வேலை செய்ய விடாது. அது எந்த வாரத்தில் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், வெளியிலிருந்து தெரியாது. அதனால்தான் திரும்பத் திரும்ப. நடுவில் ஒன்றை விட்டுவிட்டு, குட்டி ரத்தமாகப் பேதி போன பிறகு துணியில் சுற்றிக் கொண்டு ஓடி வருகிறவர்கள் உண்டு. இந்தப் பேதியைக் கொண்டுவருகிற பார்வோ வைரஸ் தரையில் மாதக் கணக்கில் கிடக்கும், சாதாரண சோப்புக்கு மசியாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். ஆகவே ஊசி முடியும் வரை குட்டியைத் தெருவில் நடக்க விடாமல், ஆனால் கையில் தூக்கிக்கொண்டு போய் உலகத்தைக் காட்ட வேண்டும். யார் செய்வது? நீங்கள்தான்.

பகலில் பூட்டிக் கிடக்கிற வீடு என்றீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. எத்தனை மாத வயதோ அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள், அத்தனை மணி நேரம்தான் குட்டியால் சிறுநீரை அடக்க முடியும் என்பது ஒரு தோராயக் கணக்கு. மூன்று மாதக் குட்டி நாலு மணி நேரம் தாங்கினால் பெரிய விஷயம். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டுக்குக் குட்டி வேண்டாம் என்பதுதான் என் கருத்து. குணம் தெரிந்த, இரண்டு மூன்று வயதான நாய் என்றால் பேசலாம்.

கீரிப்பிள்ளை

மனுஷனை இப்படியா பயமுறுத்துவது? எங்கள் வீட்டில் நான் சின்னப் பையனாக இருந்தபோது நாய் இருந்தது. ஊசியும் கிடையாது, பட்டியலும் கிடையாது. மிச்சம் மீதியைச் சாப்பிட்டது, வாசலில் கிடந்தது, நன்றாகத்தான் இருந்தது. இப்போதுதான் எல்லாவற்றுக்கும் ஒரு விதிமுறை.

நிலாமுற்றம்

@கீரிப்பிள்ளை நன்றாக இருந்த அந்த ஒரு நாய்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும் அண்ணா. அதோடு பிறந்த மற்ற ஐந்து குட்டிகள் என்ன ஆயின என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இந்தப் பேச்சு வந்தாலே எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் வெறிநோய். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 59,000 பேர் ரேபிஸில் சாகிறார்கள், மனிதருக்கு வருகிற ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய் மூலம். அறிகுறி தெரிந்த பிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 1885ல் லூயி பாஸ்டர் காலத்திலேயே மனிதருக்கு ஊசி வந்துவிட்டது, இன்னும் நாய்க்கு வருடா வருடம் ஒரு ஊசி போடுவதற்கு நாம் வாதாடிக்கொண்டிருக்கிறோம். வளர்க்கிற வீட்டில் பிள்ளை இருந்தால் இது நாயைப் பற்றிய விஷயமே கிடையாது.

இழையைத் தொடங்கியவருக்கும் ஒரு வார்த்தை: கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனை. நம் நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று வீட்டிலேயே முடிவு செய்யக் கூடாது, டாக்டர் சொல்லட்டும்.

அரைத்தூக்கம்

நன்றி ஊசிமருந்து. படித்துவிட்டு மனைவியிடம் காட்டினேன், "இதைத்தானே நானும் சொன்னேன்" என்று ஒரு பார்வை. சரி, நாய் இவ்வளவு வேலை என்றால் பூனை? முயல்? சுலபமாக ஏதாவது இருக்கிறதா?

மூன்றுபூனை

வந்தேன்! "சுலபமாக ஏதாவது" என்று கேட்டவுடன் எல்லோரும் பூனையைத்தான் கையைக் காட்டுவார்கள்.

பூனைக்கு வாக்கிங் வேண்டாம், அது உண்மை. தனியாக இருக்கும், அதுவும் ஓரளவு உண்மை. ஆனால் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிற பூனை 15 வருடத்தைத் தாண்டுவது சர்வசாதாரணம், 20 தொடுவதும் உண்டு. அதாவது நாயைவிட நீண்ட உறவு. வெளிக்குப் போகிற மண்தட்டு பூனைக்கு ஒன்று, கூடுதலாக இன்னொன்று என்று வைப்பது நல்லது, தினமும் அள்ளிப் போட வேண்டும். இல்லையென்றால் அது உங்கள் படுக்கையைத் தேர்ந்தெடுக்கும், அதைப் பழிவாங்கல் என்று நினைத்துத் திட்டுவீர்கள், அது பாட்டுக்கு விழிக்கும்.

முக்கியமாக, பூனை நோயைக் காட்டாது. நான் எல்லோரிடமும் கத்திக் கத்திச் சொல்வது இதுதான்: ஆண் பூனை மண்தட்டுக்குப் போய்ப் போய் உட்கார்ந்து, முக்கி, ஒரு சொட்டும் வராமல் திரும்பி வந்தால் அது மலச்சிக்கல் என்று நினைத்து மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. மூத்திரக் குழாய் அடைப்பாக இருந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அந்த இரவே கிளம்ப வேண்டும். அதேபோல இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனையை, அதிலும் குண்டுப் பூனையை, "பசித்தால் சாப்பிடும்" என்று விட்டால் கல்லீரலில் கொழுப்பு ஏறிப் படுத்துவிடும். நாய்க்கும் இந்த விஷயத்தில் கொஞ்சம் அவகாசம் உண்டு, பூனைக்குக் கிடையாது.

வீட்டில் கிடக்கிற பொருட்களும் அப்படித்தான். பாராசிட்டமால் ஒரு மாத்திரை போதும் பூனையைக் கொல்ல. நாய்க்குப் போடுகிற சில உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருக்கும், அது பூனைக்கு விஷம், இரண்டும் வளர்க்கிற வீட்டில் இதுதான் நடக்கும். லில்லிப் பூவின் மகரந்தம் ரோமத்தில் ஒட்டி, அதை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். சைவக் குடும்பம், பூனையையும் சைவமாக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு: முடியாது. டாரின் என்ற சத்து அதன் உடம்பில் போதுமான அளவு உற்பத்தியாகாது, இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும், குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். உங்கள் கொள்கை பெரிதென்றால் முயல் வளருங்கள்.

காதுநீளம்

என்ன @மூன்றுபூனை அக்கா, கடைசி வரியில் எங்கள் பக்கம் தள்ளிவிட்டீர்கள்?

முயல் "ஆரம்பத்துக்கு நல்ல பிராணி" என்று விற்கப்படுகிறது. 8 முதல் 12 வருடம் இருக்கும். சாப்பாட்டில் பெரும்பங்கு காய்ந்த புல்லாக இருக்க வேண்டும், கேரட் எல்லாம் மிட்டாய் மாதிரி எப்போதாவது. பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். அரை நாள் சாப்பிடாமல் புழுக்கை போடாமல் இருந்தால் குடல் நின்றுவிட்டது என்று அர்த்தம், அது அவசரம். தூக்கினால் பயந்து உதறும், உதறுகிற வேகத்தில் தன் முதுகெலும்பையே உடைத்துக்கொள்ளும். ஒன்பது வயதுப் பிள்ளை முதலில் என்ன செய்யும்? தூக்கும். தனியாக ஒற்றை முயலைக் கூண்டில் வைப்பதும் கொடுமை, அதற்குத் துணை வேண்டும். நாயைவிட இது சின்ன வேலை என்று நான் சொல்ல மாட்டேன்.

வாலாட்டி

அப்போ மீன்? 😀

பழைய பேனா

மீன் தொட்டியை வாங்கின அன்றே மீனையும் விட்டால் கழிவில் வருகிற அம்மோனியாவிலேயே அது செத்துவிடும். அதைச் சிதைக்கிற நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் வேண்டும். தங்கமீன் ஒழுங்காக வைத்தால் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துப் பார்த்தே பழகிவிட்டதால் அது சில மாதத்தில் சாகிற மீன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இடம்பெயர்ந்தவன்

நான் சொல்லப் போவது சிலருக்குப் பிடிக்காது. நாலு வருடம் கூடவே இருந்த நாயை வேறு குடும்பத்துக்குக் கொடுத்தவன் நான். அப்பா படுத்த படுக்கையானார், மருத்துவமனையும் வீடுமாக அலைந்தேன், நாய் பகல் முழுக்கத் தனியாகக் கிடந்து காலைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ள ஆரம்பித்தது. மைதானம் வைத்த வீட்டில் இப்போது நன்றாக இருக்கிறது. கொடுத்ததற்கு நான் வருந்தவில்லை. ஆனால் யாரிடம் சொன்னாலும் ஏதோ கொலை செய்தவனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். பொறுப்பு என்றால் என்ன ஆனாலும் கூடவே வைத்துக்கொண்டு அதைச் சித்திரவதை செய்வதா?

வாலாட்டி

மன்னிக்கணும் நண்பரே, குழந்தையை இப்படிக் கொடுத்துவிடுவீர்களா? எடுத்தால் கடைசி வரை. முடியாதவர்கள் எடுக்கவே கூடாது.

இடம்பெயர்ந்தவன்

@வாலாட்டி மேலே "யோசித்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் நடக்காது, வாங்கிவிடுங்கள், போகப் போகப் பழகிவிடும்" என்று எழுதினது நீங்கள்தானே?

ஊசிமருந்து

இந்த இடத்தில் நான் இடம்பெயர்ந்தவன் பக்கம்.

கொடுப்பது தவறில்லை, எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்களிடம் வருகிற நாய்களில் மோசமான நிலையில் வருவது ஒழுங்காக வேறு வீடு பார்த்துக் கொடுக்கப்பட்டவை அல்ல. ஊர் எல்லையில் வண்டியிலிருந்து இறக்கி விடப்பட்டவை, பூட்டின வீட்டில் கட்டிப் போட்டுவிட்டுப் போனவை, "தோட்டத்தில் வேலை பார்க்கிறவர் பார்த்துக்கொள்வார்" என்று கையைக் கழுவப்பட்டவை. ஏன் அப்படிச் செய்கிறார்கள்? பாதிப்பேர் வெட்கத்தில். யாரிடமாவது கேட்டால் திட்டுவார்கள், அதனால் யாருக்கும் தெரியாமல் இருட்டில் விட்டுவிடுகிறார்கள். "கடைசி வரை வைத்திரு, இல்லையென்றால் நீ மனிதனே இல்லை" என்று கத்துகிற நாமும் அதில் கொஞ்சம் பங்காளிகள்தான்.

கொடுக்கிறவர் செய்ய வேண்டியது கொஞ்சம் சங்கடமான வேலை. உண்மையைச் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பார்த்து உறுமியிருக்கிறதா, சாப்பிடும்போது கிட்டே போனால் கடித்திருக்கிறதா, எல்லாம். கடித்ததை மறைத்துக் கொடுத்து, புது வீட்டில் ஒரு குழந்தையின் முகத்தில் தையல் போட்டு, அந்த நாயைக் கருணைக்கொலைக்குக் கொண்டு வந்தார்கள். கொடுத்தவருக்கு அது தெரியவே தெரியாது, எங்கேயோ நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஊசிச் சீட்டு, மருந்து விவரம், என்ன சாப்பிட்டுப் பழக்கம், எதற்குப் பயப்படும் என்பதையெல்லாம் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் கொடுப்பதற்கு முன் சில நாள் புது ஆட்கள் உங்களோடு சேர்ந்து அதை நடத்திக் கூட்டிப் போகட்டும். தோலுக்கடியில் வைக்கிற மைக்ரோசிப் இருந்தால் பதிவில் பெயரை மாற்றிக் கொடுங்கள். அந்தச் சிப் 15 இலக்க எண் ஒன்றைத் தவிர எதுவும் சொல்லாது, இருக்கிற இடத்தைக் காட்டுகிற கருவி கிடையாது, எண்ணுக்கு எதிரே பழைய தொலைபேசி எண் இருந்தால் அது வெறும் அரிசி அளவு கண்ணாடி. அப்புறம் ஒரு நிபந்தனை: "உங்களுக்கு முடியாமல் போனால் வேறு யாரிடமும் தராமல் முதலில் என்னைக் கூப்பிடுங்கள்." இதைச் சொல்கிறவர் பொறுப்பில்லாதவர் என்று யார் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன்.

வாலாட்டி

சரி, அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் சும்மா வீடு மாறுகிறோம், குழந்தை பிறக்கப் போகிறது என்று கொடுப்பவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நிலாமுற்றம்

அதில் நானும் உங்களோடுதான். ஏழெட்டு மாதம் முன்னாலேயே தெரிந்த ஒன்றுக்கு அவசரம் என்று பேர் வைக்கக் கூடாது.

கீரிப்பிள்ளை

பொறுப்பு பொறுப்பு என்று இவ்வளவு பேசுகிறீர்கள், காசைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு ஊசி, இவ்வளவு மருந்து, அறுவை சிகிச்சை. அப்படியென்றால் வசதி இல்லாதவன் ஒரு நாயை வளர்க்கவே கூடாதா? நேராகச் சொல்லுங்கள்.

ஊசிமருந்து

நியாயமான கேள்வி, நேராகவே சொல்கிறேன். வசதி உள்ளவர்கள் தாமதமாக வந்து பார்த்திருக்கிறேன், இல்லாதவர்கள் சீக்கிரம் வந்து பார்த்திருக்கிறேன். சீக்கிரம் வருகிறவருக்குத்தான் செலவு குறைவு. காதில் லேசான நாற்றம் வந்த அன்றே வருகிறவருக்கு ஒரு சொட்டு மருந்து, மாதக் கணக்கில் விட்டுவிட்டு வருகிறவருக்கு மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்கிற வேலை. பெண் நாய்க்குக் கருத்தடை செய்வது ஒரு முறைச் செலவு. செய்யாமல் விட்டு, வயதான பிறகு கருப்பையில் சீழ் கட்டி வந்தால் அதே அறுவையை ஆபத்தான நிலையில் செய்ய வேண்டியிருக்கும், செலவும் பல மடங்கு. கருத்தடை செய்யாத பூனை நாலு மாத வயதிலேயே சினையாகும், ஏறக்குறைய ஒன்பது வாரத்தில் குட்டி போடும், அப்புறம் நீங்கள் வளர்ப்பது ஒரு பூனை கிடையாது. தடுப்பூசி முகாம், இலவசக் கருத்தடை முகாம் நடத்துகிற அமைப்புகள் இருந்தால் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள், அது அதற்காகத்தான்.

கையில் இருப்பதைச் சொல்லிவிட்டு "இதற்குள் என்ன செய்யலாம்" என்று டாக்டரிடம் கேட்பவரை எங்கள் இடத்தில் யாரும் குறைவாக நினைத்ததில்லை. கேட்காமல் வீட்டுக்கே திரும்பிப் போய்விடுகிறவர்களைப் பற்றித்தான் கவலைப்படுவோம். காசே இல்லாமல் பாசத்தால் மட்டும் வளர்த்துவிடலாம் என்பதும் பொய்தான். கொஞ்சமாவது ஒதுக்கிவைக்க முடியாத காலம் என்றால் அந்தக் காலம் முடியட்டும்.

கீரிப்பிள்ளை

இந்தப் பதிலை ஒப்புக்கொள்கிறேன்.

நிலாமுற்றம்

செலவே இல்லாத ஒன்று சொல்லட்டுமா? அளவாகச் சாப்பாடு வையுங்கள். 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து வாழ்நாள் முழுக்கப் பார்த்த ஆய்வு ஒன்று 2002ல் வெளியானது. அளவாகச் சாப்பிட்டவை 13 வருடம், மற்றவை 11.2 வருடம் என்று நடுமதிப்பு. மூட்டு வலியும் தாமதமாகத்தான் வந்தது. எந்த மருந்தாலும் கொடுக்க முடியாத கிட்டத்தட்ட இரண்டு வருடம் அது. ஆனால் வீட்டில் இருக்கிற ஆளுக்கு ஒரு பிஸ்கட் என்று போடுகிற பாசத்தை யாராலும் நிறுத்த முடிவதில்லை. கையை வைத்துத் தடவினால் விலா எலும்பு தட்டுப்பட வேண்டும். தேடிப் பார்க்க வேண்டியிருந்தால் அது குண்டு.

மேசை மேல் இருக்கிற திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் வருகிற சைலிட்டால், இதெல்லாம் நாய்க்கு விஷம் என்பதை வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கும் சொல்லி வையுங்கள். பாசம் அதிகமுள்ள விருந்தாளிதான் ஆபத்து.

பழைய பேனா

அரைத்தூக்கம் முதலில் கேட்டது, அன்றாடம் அது என்ன வேலை என்று. 1965ல் பிரிட்டனில் பண்ணை விலங்குகளின் நிலையை ஆராய்ந்த ஒரு குழுவின் அறிக்கையிலிருந்து "ஐந்து விடுதலைகள்" என்று ஒன்று வந்தது, 1979ல் அதற்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார்கள். பசி தாகம், அசௌகரியம், வலியும் நோயும், பயம் இவற்றிலிருந்து விடுதலை, இன்னொன்று தன் இயல்புப்படி நடந்துகொள்கிற விடுதலை. முதல் நாலைந்து வருடம் நாய் வளர்க்கிற எவரும் சாப்பாடும் ஊசியும் சரியாகக் கொடுத்துவிடுவார்கள். தவறுவது அந்த இயல்பில்தான். நாய் மோப்பம் பிடிக்க வேண்டும், தோண்ட வேண்டும், எதையாவது கடித்துக் குதற வேண்டும். வாக்கிங் என்று கூட்டிப் போய், அது ஒவ்வொரு கம்பத்திலும் மூக்கை வைக்கும்போதெல்லாம் சங்கிலியை இழுத்து "வா வா" என்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே நடக்கிறோம். அந்த நடை நமக்குத்தான். அதற்கு அந்தக் கம்பம்தான் முக்கியம். வேண்டிய நேரம் நின்று மோந்துவிட்டு வரட்டும், வீட்டுக்கு வந்து செருப்பைக் கடிப்பது பாதியாகக் குறையும்.

பிள்ளை இருக்கிற வீடு என்பதால் இதையும் சொல்கிறேன். நாய் திடீரென்று கடிப்பதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரிகிற மாதிரி ஓரமாகப் பார்க்கும், உடம்பு விறைக்கும், அப்புறம் உறுமும். உறுமினதற்காக அடித்தால் உறுமலை நிறுத்திவிடும், மற்றது நிற்காது, அடுத்த தடவை சொல்லாமல் கடிக்கும். மகள் கட்டிப்பிடிக்கும்போது நாயின் முகத்தைப் பாருங்கள், மகள் முகத்தை அல்ல. தூங்குகிற நாயையும் சாப்பிடுகிற நாயையும் தொடக் கூடாது என்ற ஒரு விதி மட்டும் கண்டிப்பாக இருக்கட்டும்.

மூன்றுபூனை

சப்பை மூக்கு இனங்களைப் பற்றி ஒரு வரி சேர்த்துவிடுங்கள் யாராவது. பக், பிரெஞ்சு புல்டாக் எல்லாம் குறட்டை விடுவது அழகு என்று வாங்குகிறார்கள், அது மூச்சு விட முடியாமல் போராடுகிற சத்தம். நாய்க்கு உடம்புச் சூடு தணிவது பெரும்பாலும் நாக்கை நீட்டி மூச்சு இளைப்பதன் மூலம்தான், அந்த இனத்தால் ஒழுங்காக இளைக்கவும் முடியாது.

அரைத்தூக்கம்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. நேற்று இரவு மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். குட்டி இல்லை என்று முடிவு. மகள் அழுதாள், அப்புறம் "பெரிய நாயும் நாய்தானே" என்று கேட்டாள், அதுவரைக்கும் சந்தோஷம். மனைவிக்கு வருகிற மாதங்களில் வீட்டிலிருந்து வேலை செய்கிற வாய்ப்பு இருக்கிறது, அது உறுதியான பிறகு காப்பகத்தில் பெரிய நாயாகப் பார்க்கலாம் என்று அவரே சொன்னார், நான் வாயைத் திறக்கவில்லை. காப்பகத்தில் என்ன கேட்க வேண்டும்? விண்ணப்பம் ஒன்று அனுப்பியிருக்கிறார்கள், நிரப்பச் சொல்லி.

இடம்பெயர்ந்தவன்

ஒரே தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். காலையில் ஒரு நாள், சாயங்காலம் ஒரு நாள் போங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. ஏன் அங்கே வந்தது, தனியாக விட்டால் என்ன செய்யும், மற்ற நாய்களோடு எப்படி, படி ஏறுமா என்று கேளுங்கள். அடுக்குமாடி என்கிறீர்கள், கடைசிக் கேள்வி முக்கியம். வீட்டுக்கு வந்த முதல் சில நாள் மூலையில் சுருண்டு கிடந்தால் அதை அப்படியே விடுங்கள். சொந்தபந்தத்தையெல்லாம் கூப்பிட்டுக் காட்டாதீர்கள்.

வாலாட்டி

பெயர் வைத்ததும் இங்கே வந்து சொல்லணும் சார்.

ஊசிமருந்து

வந்த வாரத்திலேயே ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள், நோய் இல்லாவிட்டாலும். எடை, பல், குடற்புழு, உண்ணி எல்லாம் ஒரே நடையில் முடியும். இரவில் திறந்திருக்கிற மருத்துவமனை எது என்பதையும் அன்றைக்கே விசாரித்து வையுங்கள், இரவு இரண்டு மணிக்குத் தேடக் கூடாது.

அந்த விண்ணப்பத்தில் "அவசரத்தில் பொறுப்பேற்பவர்" என்று ஒரு இடம் இருக்கும். எல்லோரும் அங்கே கணவன் பெயரையோ மனைவி பெயரையோ எழுதிவிடுகிறார்கள். இருவரும் ஒன்றாக ஊருக்குப் போனாலோ ஒன்றாகக் காய்ச்சலில் படுத்தாலோ அந்தப் பெயரால் பயனில்லை. வெளியே இருக்கிற ஒருவர் பெயரை எழுதுங்கள், எழுதுவதற்கு முன் அவரிடம் கேட்டுவிடுங்கள்.